பறக்கும் ரயில் ஜன்னலும் என் தலைசுற்றலும்
பைக்கில் இருந்து விழுந்து கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனாலும் சென்னைப் பறக்கும் ரயிலில் ஆபீஸ் போய்வந்தால் தலைசுற்றல், படபடப்பு. உள்ளே ஏதோ கசிகிறதோ என்ற பயம் வேறு. ஐந்து நாள் இருட்டறையில் படுத்தேன், இன்னும் மோசமானது. கண்ணாடி மாற்றியும் பிரயோஜனமில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: கூட்டத்தில் நின்றுகொண்டு வந்த நாட்களில் ஒன்றுமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் வருகிறது. ஓடும் கம்பங்களைக் கண் துரத்துவதுதான் வினை!

பிசியோதெரபிஸ்ட் ஒரு கணக்கு சொன்னார். தலைசுற்றலுக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். தொடங்கும்போது இருந்ததைவிட இரண்டு மார்க்குக்கு மேல் கூடினால் நிறுத்திவிட வேண்டும். அப்படியே வேளச்சேரியில் ஏறி, முதலில் பெருங்குடி வரை மட்டும் ஜன்னல், அடுத்த வாரம் தரமணி. நடுவில் ஒருநாள் மறுபடி சுற்றியது. இதையெல்லாம் குறித்து வைத்த நோட்டைப் பார்த்தால், முந்தின இரவு தூக்கம் நாலு மணி நேரம்தான். இப்போது கடற்கரை ஸ்டேஷன் வரை ஜன்னலோரம்தான்.