காற்றில் குளிரும் பழைய டர்போ காரை வாங்குவதா, விடுவதா: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வன்னியில் போர்ஷே கார் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெளிநாட்டு அழைப்பொன்றோடுதான் வருகிறது. ஜேர்மனியிலோ இலண்டனிலோ நெடுங்காலம் உழைத்துவிட்ட அண்ணரோ மச்சானோ, விற்பனைக்கு வந்த பழைய 911 டர்போ ஒன்றின் படத்தை அனுப்பி, "என்ன நினைக்கிறாய், எடுத்துவிடட்டோ? பிறகு ஊருக்குக் கொண்டுவரலாமோ?" என்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கராஜ் வேலை தெரிந்த உறவினரைக் கேட்கிறார். கேட்கிறவருக்கும் கேட்கப்படுகிறவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: காரை அங்கேயே வைத்து ஒழுங்காக ஓட்டப்போகிறவர், கீழுள்ள சோதனைகளில் அது தேறினால் வாங்கலாம், வன்னிக்குக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்துவதற்காக என்றால் வாங்க வேண்டாம்.

படி 1: எந்தக் கார் என்பதைத் தெளிவாக்குங்கள்

"பழைய 911 டர்போ" என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் 930 என்ற உள்வகையாகும். 1974 ஒக்டோபரில் பாரிஸ் கார்க் கண்காட்சியில் அறிமுகமான இது, 1989 வரை தயாரிக்கப்பட்டது. முதலில் வந்தது 3.0 லீற்றர், 260 குதிரைவலு. 1978 மாதிரியிலிருந்து 3.3 லீற்றர், 300 குதிரைவலு, அத்துடன் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் பின் இறக்கையின் கீழ் பொருத்தப்பட்டது. கடைசி மாதிரியான 1989ஐத் தவிர மற்றவை எல்லாம் நான்கு கியர்கள் கொண்டவை; ஐந்து கியருள்ள அந்தக் கடைசி ஆண்டுக் காரின் விலை அதனாலேயே ஏறி நிற்கிறது. 930க்குப் பிறகு 964 டர்போவும், 1995இல் இரட்டை டர்போவும் நான்கு சில்லு இழுவையும் கொண்ட 408 குதிரைவலு 993 டர்போவும் வந்தன. 1998உடன் காற்றில் குளிரும் 911 முடிவுக்கு வந்தது. இந்த விளக்கம் 930ஐப் பற்றியது.

படி 2: கார் எங்கே நிற்கப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் வழக்கம். ஆனால் மற்ற எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது.

கார் வெளிநாட்டிலேயே நிற்கும் என்றால் வயது அதற்குச் சாதகமானது. ஜேர்மனியில் 30 வயதைத் தாண்டிய, மூல நிலையிலுள்ள வாகனத்துக்கு இலக்கத்தகட்டில் 'எச்' எழுத்துடன் சலுகை வரி கிடைக்கிறது. பிரித்தானியாவில் 40 வயதைத் தாண்டினால் வீதி வரியும் ஆண்டுச் சோதனையும் விலக்களிக்கப்படுகின்றன. இலங்கையில் நிலைமை நேர்மாறானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், பாவித்த கார்களுக்குச் சில ஆண்டுகள் மட்டுமே கொண்ட வயதெல்லை இருக்கிறது. நாற்பது வயதுக் கார் வழமையான வழியால் உள்ளே வராது. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதி எழுத்தில் கைக்கு வருமுன் விற்பவருக்கு முற்பணம் கொடுப்பது புத்தியல்ல. அனுமதி கிடைத்தாலும், எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படும் வரி 3.3 லீற்றருக்கு என்ன சொல்லும் என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோலையும் பாருங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும், சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, 930இன் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் எத்தனை மடங்கு நெருக்கப்படுகின்றன என்ற அளவு) 3.0 எஞ்சினில் 6.5 என்றும் 3.3 எஞ்சினில் 7.0 என்றும் படிக்கும்போது, 'அட, இது எதையும் குடிக்கும்' என்று தோன்றக்கூடும். அது தவறு. அந்த எண்கள் குறைவாக இருப்பதே, டர்போ 0.8 பார் அழுத்தத்தில் மேலதிகக் காற்றைத் திணிக்கப்போகிறது என்பதற்காகத்தான். அந்த அழுத்தம் ஏறும் கணத்தில் தரம் குறைந்த பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனை ஓட்டையாக்கிவிடும். இங்கே பெற்றோல் செட்டுகளில் எளிதில் கிடைப்பது ஒக்ரேன் 92. ஐரோப்பாவுக்கெனச் செய்த 3.3 லீற்றர் 930, 98ஐ எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. 95 கிடைக்கும் இடத்தைத் தேடி ஓடினாலும் குறைவு குறைவுதான்.

அடுத்தது வெப்பமும் தூசியும். இந்த எஞ்சினில் றேடியேற்றரோ தண்ணீரோ இல்லை. பெரிய விசிறியொன்று சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக இதழ்களுக்கிடையே காற்றை அடிக்கிறது, மிகுதி வெப்பத்தைச் சுமார் 13 லீற்றர் ஒயில் சுமந்துசென்று முன் வலது சில்லின் மேற்பகுதியிலுள்ள குளிர்விப்பானில் இறக்குகிறது. சோளகம் வீசும் மாதங்களில் மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே எழும் செம்புழுதி, அந்த இதழ்களில் ஒயில் ஈரத்தோடு ஒட்டினால் களிமண் பூச்சாக இறுகிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இன்னொரு பகை எலி. விசிறிக்குக் கீழுள்ள தகரக் கவசத்துக்குள் வைக்கோலும் துணியும் கொண்டுபோய் அது கூடு கட்டினால், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு சிலிண்டர் மட்டும் காற்றின்றிக் காய்ந்து பிடிக்கும்.

இதற்கு மேல் வீதிச் சட்டமும் இருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே கார்களுக்கு இங்கு மணிக்கு 70 கிலோமீற்றரே எல்லை. நான்கு கியர் 930, முதலாம் கியரிலேயே 80ஐத் தொட்டுவிடும். ஏ9இல் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை சட்டப்படி ஓட்டினால், முதலாம் கியரையே முழுதாக ஓட்டி முடிக்க வாய்ப்பில்லை. இவ்வளவையும் படித்த பின்னரும் இங்கே கொண்டுவர விரும்புகிறவர், காரை விரும்புகிறாரா, ஊரார் பார்ப்பதை விரும்புகிறாரா என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு அடுத்த படிக்கு வரலாம்.

படி 3: இலக்கங்களைச் சரிபாருங்கள்

சாசி இலக்கம் முன் டிக்கியில் விரிப்பின் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். 1980 மாதிரிக்கு முந்திய டர்போக்களின் இலக்கம் 930 என்றே தொடங்கும், 1980 மாதிரியினது 93A என்று தொடங்கும். அதன் பின்னர் வந்த 17 இட இலக்கத்தில், 7ஆம், 8ஆம் இடங்களில் 9, 3 என்றும் 12ஆம் இடத்தில் 0 என்றும் இருந்தால் அது மெய்யான 930. அந்த இடங்களில் 9, 1, 1 என்று வந்தால், அது அகன்ற சில்லுப் பகுதியும் பெரிய இறக்கையும் பூட்டிய சாதாரண 911 கரேரா. தொழிற்சாலையே அப்படிச் சில கார்களை விற்றது, அவற்றில் டர்போ கிடையாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எஞ்சின் இலக்கம் குளிர்விக்கும் விசிறியின் வலப்பக்கத்தில் உள்ளது. இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரின் காரைப் பார்க்க விமானமோ ரயிலோ ஏறத் தேவையில்லை. சேர்விஸ் பற்றுச்சீட்டுகளைக் கிலோமீற்றர் வரிசைப்படி அடுக்கிப் பார்க்கும்போது ஐந்தாறு ஆண்டுகள் வெறுமையாக இருந்தால், அந்தக் காலத்தில் கார் நின்றிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

படி 4: துருவைத் தேடுங்கள்

1976 மாதிரியிலிருந்து உடல் முழுவதும் நாகம் பூசிய தகரம் என்பதால் துரு வராது என்று விற்பவர் சொல்லுவார். அது தாமதமாக வரும், அவ்வளவுதான். கதவுக்குக் கீழுள்ள சட்டம், ஜாக் வைக்கும் இடம், முன் டிக்கியில் பற்றரியின் அடித்தட்டு, முன் கண்ணாடியைச் சுற்றிய றப்பரின் ஓரம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் எங்கே ஒட்டாமல் வழுகுகிறதோ, அங்கே பெயின்றுக்குக் கீழே பேஸ்ற் இருக்கிறது.

படி 5: குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னிலையில் தொடக்கச் செய்யுங்கள்

நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால், தேநீர் குடித்துவிட்டு மறுநாள் காலை வாருங்கள். படுத்த சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் என்பதால் தொடக்கத்தில் சிறிது நீலப்புகை வந்து மறைவது இயல்பு. அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சூடேறிய பிறகும், அக்சிலரேற்றரை விட்டுப் பிடிக்கும்போதும் நீலப்புகை தொடர்ந்தால், வால்வ் வழிகாட்டிகள் (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழாய்கள்) தேய்ந்திருக்கலாம், அல்லது டர்போவின் சீல் போயிருக்கலாம். பெற்றோல் செலுத்தும் முறை பொஷ் நிறுவனத்தின் கே-ஜெற்றொனிக். பெரும்பாலும் இயந்திர முறையானது. பழுதில்லாதபோது நாட்கணக்கில் நின்றாலும் ஒரே திருப்பில் பிடிக்கும். நின்றுபோன காரில் பழைய பெற்றோல் பிசினாகி உள்ளேயுள்ள தண்டு ஒட்டிவிடுவதால் தடுமாறும். வன்னிக் கொட்டகையில் நிறுத்த வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒயில் அளவை நம் ஊர் வழக்கப்படி எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்த்தால் தவறான அளவே கிடைக்கும். ஒயில் தனித் தாங்கியில் இருப்பதால், எஞ்சின் நன்கு சூடாகி, மட்டமான தரையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, குறைவு என்று எண்ணி மேலும் ஊற்றினால், மிகுதி ஒயில் காற்று வழியால் எஞ்சினுக்குள் போய்ப் புகையாக வெளியேறும். விற்பவர் இதை எப்படிச் செய்கிறார் என்று பேசாமல் பாருங்கள். காரை அவர் எப்படிக் கவனித்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 6: இந்த எஞ்சினைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்

இதற்குச் செலவாகும் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு சோதனைகளைக் கட்டாயம் கேளுங்கள். முதலாவது லீக்டவுன் சோதனை: ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். பத்து வீதத்துக்குள் இருந்தால் நிம்மதி; இருபதைத் தாண்டினால் எஞ்சின் திறக்கப்படப்போகிறது என்றே கொண்டு விலை பேசுங்கள். இரண்டாவது, கீழ்ப்பக்க வால்வ் மூடிகளைக் கழற்றிப் பார்ப்பது. சிலிண்டர் தலைகளைப் பிடித்திருக்கும் நீண்ட ஸ்ரட்கள், குறிப்பாகப் புகைக்குழாய்ப் பக்கத்தில் பாவிக்கப்பட்ட டிலாவார் என்ற கலப்புலோக ஸ்ரட்கள், துருப்பிடித்து முறிவது இந்த எஞ்சினின் அறியப்பட்ட நோய். ரோர்ச் வெளிச்சத்தில் அந்த நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். நட்டு கையோடு வந்தால், அதன் ஸ்ரட் உள்ளே முறிந்திருக்கிறது. ஒன்று முறிந்தாலும் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். வெளியே சொட்டும் ஒயிலைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதைக் கேட்காமல் விடுவதுதான் விசித்திரம். சொட்டு ஒயில் இந்தக் கார்களில் சாதாரணம், முறிந்த ஸ்ரட் அப்படியல்ல.

படி 7: ஓட்டிப் பாருங்கள், ஆனால் மெதுவாக

எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. சுமார் 3,000 சுற்று வரை ஒன்றும் நடவாததுபோல் இருந்து, பிறகு டர்போ ஒரேயடியாகத் தள்ளும். வளைவில் அந்தத் தள்ளலுக்குப் பயந்து காலை எடுத்தால், பாரமான பின்பகுதி வெளியே வீசும். இந்தக் காருக்கு 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். எனவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, உள்ளே சீராக மிதித்துப் போக வேண்டும். டர்போ இழுக்கும்போது ஒயில் அழுத்தம் ஒழுங்காக நிற்கிறதா, இரண்டாம் கியர் கரகரக்கிறதா என்பவற்றை மட்டும் கவனித்தால் போதும். ஓட்டி முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். இந்த டர்போவைக் குளிர்விப்பது ஒயில் மட்டுமே என்பதால், ஓரிரு நிமிடம் வெறுமனே ஓட விடாவிட்டால் உள்ளே நிற்கும் ஒயில் கருகிப் படியும். விற்பவர் சாவியைப் பட்டென்று திருப்பி நிறுத்துகிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: இரண்டு தொகைகளை எழுதுங்கள்

நல்ல நிலையிலுள்ள 930க்கு ஓர் இலட்சம் யூரோவைத் தாண்டிக் கேட்பது இப்போது வழக்கம். அது முதலாவது தொகை. எஞ்சினை முழுதாகத் திறந்து கட்டுவது பல பத்தாயிரம் யூரோ வேலை, அதுவே இரண்டாவது. இரண்டாவது தொகை கையில் ரொக்கமாக இல்லாதவர், காணியையோ நகையையோ நம்பி முதலாவதைக் கொடுக்கக் கூடாது. லீக்டவுன் மோசமாக வந்த காரை, இரண்டாவது தொகையைக் கழித்த விலைக்கு விற்க ஒப்புக்கொண்டால் வாங்கலாம்; பாதியைக் கழித்தால் வேண்டாம்.

ஊரிலேயே ஓட்டத்தான் ஆசை என்றால், நாட்டுக்குள் ஏற்கெனவே பதியப்பட்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றைத் தேடுங்கள். அதுவும் பின்பக்கத்தில் படுத்த, காற்றில் குளிரும் எஞ்சின்தான். பெர்டினன்ட் போர்ஷே வடிவமைத்த கார். 92இல் ஓடும், டர்போ இல்லை, நான்கு சிலிண்டர். எஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து மதியத்துக்குள் இறக்கிவிடலாம். துருவுக்கும் எலிக்கும் மேலே சொன்னவை அதற்கும் அப்படியே பொருந்தும்.