கையெழுத்து விழும்வரை: ஃப்ரீ ஏஜென்சி நாட்களில் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜூலை 3, புதன்கிழமை. ரொறன்ரோவில் ஒரு தொலைக்காட்சியின் ஹெலிகாப்டர், விமான நிலையத்திலிருந்து நகரின் மையத்துக்குப் போய்க்கொண்டிருந்த கறுப்பு வண்டிகளை நேரலையில் துரத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸோடு அந்த சீசனில் கோப்பை வென்று, ஒப்பந்தம் முடிந்திருந்த கவாய் லெனர்ட் உள்ளே இருக்கிறார் என்று ஊரே நம்பியது. ஹோட்டல் வாசலில் சனம் கூடிவிட்டது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயது மருமகன், முதுகில் 2 என்று எழுதிய ஜெர்சியோடு, தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, இங்கே வந்திட்டார் என்றால் இருக்கப் போறார் என்றுதானே அர்த்தம்?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. எனக்கும் ஆசை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் அவன் முகத்தைப் பார்த்தபோது, அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்றிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு ஊர் ரசிகர்கள் இதே வேதனைக்குள் போவதைப் பார்க்கிறேன். காத்திருப்பதை யாராலும் தவிர்க்க முடியாது. ஆனால் காத்திருக்கும்போது நாம் செய்யும் சில தவறுகளைத் தவிர்க்கலாம்.

முதலில் விதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒப்பந்தம் முடிந்த வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். ஜூன் 30 மாலை 6 மணிக்கு, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி, எல்லா அணிகளும் அவரோடு பேசலாம். (சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஜூலை 1 அதிகாலை 3.30.) 2024 முதல், இறுதிப் போட்டி முடிந்த கையோடு ஓர் அணி தன் சொந்த வீரரோடு பேசத் தொடங்கலாம் என்றும் ஆகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஜூலை 6 நண்பகலுக்குத்தான் கையெழுத்திட முடியும். இடைப்பட்ட நாட்களில், அதாவது இந்தத் தடைக்காலத்தில், நடப்பதெல்லாம் பேச்சு மட்டுமே. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

பேச்சைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்வது

இதற்கு 2015-இல் டல்லஸ் ரசிகர்கள் பட்ட பாட்டைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஜூலை 3 அன்று டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லஸ் மேவரிக்ஸுக்கு வருவதாக வாய்வார்த்தை கொடுத்தார். நான்கு ஆண்டுகள், சுமார் 80 மில்லியன் டாலர். அணியும் அவரை வைத்தே அடுத்த சீசனுக்குத் திட்டம் போட்டது, ரசிகர்களும் கொண்டாடி முடித்தார்கள். அப்புறம் அவருக்கு மனம் மாறியது. ஜூலை 8 அன்று அவருடைய பழைய அணியான லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸிலிருந்து பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ், உரிமையாளர் ஸ்டீவ் பால்மர், கிறிஸ் பால், பிளேக் கிரிஃபின் என்று ஒரு கூட்டமே ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. தடைக்காலம் முடியும் நள்ளிரவுக்காகக் காத்திருந்தார்கள். நேரம் வந்ததும் கிளிப்பர்ஸின் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது.

அவர் மனம் மாறியதில் விதி மீறல் என்று ஒன்றும் இல்லை. அந்த ஐந்து நாட்களில் ஜோர்டன் யாருக்கும் சட்டப்படி கட்டுப்பட்டவர் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு லீக் இந்தத் தடைக்காலத்தையே சுருக்கிவிட்டது. இதே வாய்வார்த்தை ஒருமுறை ரொறன்ரோவுக்குச் சாதகமாகவும் திரும்பியது. 2009-இல் ஹெடோ டுர்க்கொக்லு போர்ட்லண்டுக்குச் சரி சொல்லிவிட்டு, கடைசியில் ராப்டர்ஸுக்கு வந்தார். அன்று போர்ட்லண்டில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

சகுனம் பார்ப்பது

தனி விமானம் எங்கே இறங்கியது, யார் பிள்ளையை எந்தப் பள்ளியில் விசாரித்தார்கள், இன்ஸ்டாகிராமில் யார் யாரைப் பின்தொடர்வதை நிறுத்தினார்கள். காத்திருக்கும் மனம் எதையும் அடையாளமாக்கிக்கொள்ளும். ரொறன்ரோவில் அந்த விமானம் வந்தது உண்மை. பேச்சு நடந்ததும் உண்மை. ஆனால் ஒரு மனிதர் ஓர் அணியைச் சந்திக்க வருவது, மற்ற அணிகளையும் சந்திப்பதைப் போல ஒரு சந்திப்பு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஊர் உணவகங்கள் அவருக்கு இலவசச் சாப்பாடு என்று வாசலில் எழுதி ஒட்டின. அந்த அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன். அது அழகாக இருந்தது. ஹோட்டல் வாசலில் நிற்பதும், வண்டியைத் துரத்துவதும்தான் வேண்டாம். கவாய் பேட்டி கொடுக்கவே தயங்குகிற, தன் வீட்டு விஷயத்தை வெளியே விடாத மனிதர். அப்படிப்பட்டவருக்கு மேல் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டால் அது வரவேற்பாகத் தெரியுமா?

செய்தி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நம்புவது

போலிக் கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரபல என்.பி.ஏ. நிருபர் ஷம்ஸ் சரானியா பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி யாரும் கணக்குத் திறக்கலாம். எக்ஸ் தளத்தில் நீலக் குறியைக் காசு கொடுத்தே வாங்கலாம். ஒரு நிமிடம் பொறுத்து, பெயரைத் தட்டிப் பார்த்தால் போதும்.

உண்மையான நிருபர் சொல்வதைப் படிக்கும்போதும் ஒரு கேள்வி வேண்டும்: இதைச் சொல்வதால் யாருக்கு லாபம்? வீரரின் ஏஜென்ட், "அந்த அணியும் தீவிரமாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தையைக் கசியவிட்டால் இந்த அணியின் விலை ஏறும். செய்தி பொய்யாக இருக்காது. ஆனால் அதை வெளியே விட்டவருக்கு ஒரு காரணம் இருக்கும். வீரரும் அவரைச் சுற்றியிருப்பவர்களும் வாயே திறக்காவிட்டால், எந்த நிருபருக்கும் ஒன்றும் தெரியாது. 2019-இல் அதுதான் நடந்தது.

பணக் கணக்கைப் பாதி மட்டும் போடுவது

எங்கள் ஊரில் எல்லோரும் செய்த தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லாரி பேர்ட் பெயரில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதன்படி ஓர் அணி, வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் உச்சவரம்பைத் தாண்டியும் தன் வீரரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 8 சதவீதம் வரை உயர்வு. வெளி அணி அதிகபட்சம் நான்கு ஆண்டுகள், 5 சதவீத உயர்வு. ஆகவே ராப்டர்ஸ் கவாய்க்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 190 மில்லியன் கொடுக்கலாம், கிளிப்பர்ஸ் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 141 மில்லியன்தான் கொடுக்கலாம். "ஐம்பது மில்லியனை யார் விடுவார்கள்?" என்று கடைத்தெருவில் எல்லோரும் கேட்டோம். நானும் கேட்டேன்.

ஆனால் அவர் போட்ட ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு, சுமார் 103 மில்லியன். மூன்றாம் ஆண்டு இருப்பதும் போவதும் அவர் விருப்பம். ஏன் இவ்வளவு குறுகியது? ஒரு வீரரின் அதிகபட்சச் சம்பளம் அவர் ஆடிய ஆண்டுகளைப் பொறுத்தது. ஏழு முதல் ஒன்பது ஆண்டு அனுபவம் என்றால் உச்சவரம்பில் 30 சதவீதம், பத்து ஆண்டு முடித்தால் 35. கவாய் 2011-இல் வந்தவர். 2021-இல் பத்து ஆண்டு நிறைந்தது. அந்தக் கோடையில் பழைய ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்து, அதே கிளிப்பர்ஸோடு நான்கு ஆண்டுக்கு 176 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். நாங்கள் ஐந்தாம் ஆண்டைத் தூண்டில் என்று நினைத்தோம். அவருக்கு அது ஒரு கட்டு.

2013-இல் லேக்கர்ஸ் ரசிகர்களும் இப்படித்தான் ஏமாந்தார்கள். ட்வைட் ஹோவர்டுக்கு லேக்கர்ஸால் 118 மில்லியன் கொடுக்க முடியும். லாஸ் ஏஞ்சலஸில் "இரு" என்று அவருக்காகப் பெரிய விளம்பரப் பலகைகளே வைத்தார்கள். அவர் 88 மில்லியனுக்கு ஹூஸ்டன் போனார். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. அதோடு, விட்ட ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தை அடுத்த ஒப்பந்தத்தில் வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் இதெல்லாம் தெரியாது.

உச்சவரம்பையும் பாருங்கள். 2016-இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து, 70 மில்லியனாக இருந்த உச்சவரம்பு ஒரே பாய்ச்சலில் 94 மில்லியன் ஆனது. முந்தைய சீசனில் 73 போட்டிகளை வென்ற கோல்டன் ஸ்டேட்டுக்குக் கெவின் டுராண்ட் போக முடிந்ததே அதனால்தான். அவருடைய பழைய அணியான ஒக்லஹோமாவின் ரசிகர்கள் அவர் மனதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், கதவு வேறொரு பக்கம் திறந்துகொண்டிருந்தது.

ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பது

2019-இல் எங்கள் கண்ணெல்லாம் ராப்டர்ஸ், லேக்கர்ஸ் மீதுதான். கவாய் தனியாக முடிவெடுப்பார் என்று நினைத்தோம். அவரோ கூட ஆட ஒரு நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஜூலை 5 வெள்ளி இரவு கலிபோர்னியாவில் 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. லாஸ் வேகஸில் நடந்துகொண்டிருந்த கோடைக்கால லீக் ஆட்டம் பாதியில் நின்றது. சில மணி நேரம் கழித்து, எங்கள் ஊரில் அதிகாலை இரண்டு மணியளவில், செய்தி வந்தது. கவாய் கிளிப்பர்ஸுக்கு. பால் ஜார்ஜும் ஒக்லஹோமாவிலிருந்து அங்கேயே.

ஜார்ஜுக்காக கிளிப்பர்ஸ் கொடுத்தது ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்), அதற்கு மேல் தேர்வு இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையும். அந்தத் தேர்வுகளில் ஒன்று 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025-இல் ஷாயும் வில்லியம்ஸும் ஒக்லஹோமாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள். ஷாய் எங்கள் பக்கத்து ஹாமில்டனில் வளர்ந்த பையன். அந்த வாரம் ஊரே வானத்தில் விமானம் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் பெயரை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை.

போனவரைத் துரோகி என்பது

2010-இல் கிளீவ்லண்ட் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து மயாமிக்குப் போவதாக அறிவித்த இரவு, கிளீவ்லண்டில் ஜெர்சிகள் எரிந்தன. அணி உரிமையாளர் டான் கில்பர்ட் கோபத்தில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நான்கு ஆண்டு கழித்து லெப்ரான் திரும்பி வந்தார். 2016 இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, அந்த ஊருக்கு 52 ஆண்டுகளில் முதல் பெரிய கோப்பையைக் கொடுத்தார். 2018-இல் மறுபடி லேக்கர்ஸுக்குப் போனார். அந்த நவம்பரில் எதிரணி வீரராகக் கிளீவ்லண்டுக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

விசுவாசம் பற்றிப் பேசுவதற்கு முன் ரொறன்ரோ ரசிகர்கள் டெமார் டிரோசனை நினைக்க வேண்டும். 2016-இல் ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது, வேறெந்த அணியையும் சந்திக்காமல் இங்கேயே ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்திட்டவர் அவர். ஊரை அப்படி நேசித்தார். இரண்டே ஆண்டில், 2018 ஜூலையில், அணி அவரை சான் அந்தோனியோவுக்கு அனுப்பியது. யாருக்காக? கவாய்க்காக. அணி தன் நலனைப் பார்த்தது, நாமும் கோப்பை வந்ததும் அதை நியாயம் என்றோம். அதே நியாயத்தை ஒரு வீரர் தனக்குச் செய்துகொண்டால் அதற்குத் துரோகம் என்று பெயர் வைக்கலாமா? கவாய் தெற்குக் கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டுக்குப் போனார்.

இருக்கும் அணியை மறப்பது

அந்தச் சனிக்கிழமை காலை மருமகனிடம் நான்தான் சொன்னேன். அவன் அழவில்லை. "அப்ப எங்கட டீம் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான். முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் பாஸ்கல் சியாகம் இருந்தார், கைல் லவ்ரி, ஃப்ரெட் வான்வ்லீட், மார்க் கசோல் இருந்தார்கள். கோப்பை வென்ற சீசனில் ராப்டர்ஸ் 58 வெற்றி, 24 தோல்வி. கவாய் இல்லாத அடுத்த சீசனில் 53 வெற்றி, 19 தோல்வி. வெற்றி விகிதம் உண்மையில் கூடியது. நிக் நர்ஸ் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். ஜூலையில் மனம் உடைந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள், இந்த அணியின் மிக அருமையான ஓர் ஆண்டின் தொடக்கத்தைத் தவறவிட்டார்கள்.

டிசம்பர் 11 அன்று கவாய் கிளிப்பர்ஸ் உடையில் ரொறன்ரோ வந்தார். ஆட்டத்துக்கு முன் அரங்கம் எழுந்து நின்றது. லவ்ரி கோப்பை மோதிரத்தை அவரிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் மருமகன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது, ஐந்து மாதமாக அலமாரியில் கிடந்த அந்த 2-ஆம் எண் ஜெர்சியைப் போட்டிருந்தான். தோள் கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. அன்று ராப்டர்ஸ் இருபது புள்ளியில் தோற்றது. அவன் கடைசி விசில் வரை இருந்து பார்த்தான்.