புது வீட்டு வாசலில் வந்து நிற்கும் விற்பனைக்காரர்களைச் சமாளிப்பது எப்படி

கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய வாழைமரம் வாடுவதற்குள் ஆள் வந்துவிடுவார்கள். ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின், கொசுவலை, சோலார், சிசிடிவி, கரையான் மருந்து, வாக்குவம் கிளீனர், கேஸ் டியூப் என்று ஒருவர் போனால் இன்னொருவர். புதிதாக வீடு கட்டியவரோ ஃப்ளாட் சாவி வாங்கியவரோ லட்சக்கணக்கில் செலவு செய்து முடித்த கையோடு இருப்பார், அந்தக் கணக்குக்கு முன்னால் இருபதாயிரம் ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியும், அதோடு இந்த வீட்டுக்கு எது தேவை எது வேண்டாம் என்பதும் இன்னும் பிடிபட்டிருக்காது. வருகிறவர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும், அதனால்தான் முதல் சில மாதங்களுக்கு இந்தப் படையெடுப்பு.

அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். தோரணமும் பந்தலும் தெருவில் போகிற யாருக்கும் தெரியும். மற்றபடி வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ வாட்ச்மேனோ கமிஷனுக்காக நம்பரைக் கொடுத்திருக்கலாம். ஆகவே உங்கள் பெயரையும் ஃப்ளாட் நம்பரையும் சொல்லிக்கொண்டு வந்தார் என்பதற்காக அவரை பில்டர் அனுப்பிய ஆள் என்று நம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பில்டருக்கோ அசோசியேஷனுக்கோ அங்கேயே போன் போட்டுக் கேளுங்கள்.

முதலில் வீட்டுக்குள் ஒரு முடிவு எடுங்கள்: வாசலுக்கு வந்த எதையும் அன்றைக்கே வாங்குவதில்லை. நல்ல பொருளாக இருந்தாலும் சரி, விலை குறைவாக இருந்தாலும் சரி. இதை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், முக்கியமாக அப்பா அம்மாவுக்கு. ஏனென்றால் இவர்கள் பெரும்பாலும் வருவது காலை பதினொரு மணிக்கு மேல், வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிய பிறகு. பெரியவர்களுக்கு வந்தவரை நிற்க வைத்தே அனுப்ப மனசு வராது. உள்ளே உட்கார வைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசியவரிடம் வெறுங்கையோடு போங்கள் என்று சொல்வது நம் ஊரில் யாருக்கும் சங்கடம்தான். அதனால் கிரில் கேட்டைப் பூட்டியபடியே பேசச் சொல்லுங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள், வெயிலில் வருகிறவர்கள்தானே, ஆனால் வெளியிலேயே கொடுங்கள்.

என்ன சொல்லி அனுப்புவது?

நம்மில் பலரும் தவறுவது இங்கேதான். வேண்டாம் என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு காரணம் சொல்கிறோம். நீங்கள் எந்தக் காரணம் சொன்னாலும் அதற்குப் பதில் அவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "இப்ப கையில காசு இல்லப்பா" என்றால் "இஎம்ஐ இருக்கு மேடம், இன்னிக்கு ஒரு ரூபா கூட கட்ட வேண்டாம்" என்று வரும். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றால் "எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம் சார்". "வீட்டுக்காரர் இல்ல" என்பது எல்லாவற்றையும் விட மோசமான பதில். எப்போது வருவார், அவர் நம்பர் என்ன என்று அடுத்த கேள்வி வரும், அதோடு வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பதையும் முன்பின் தெரியாத ஆளிடம் நீங்களே சொன்னதாகிவிடும்.

காரணமே சொல்லாதீர்கள். "வேண்டாம் தம்பி, நாங்க வாசல்ல எதுவும் வாங்கறதில்ல" என்று ஒரே வாக்கியம். மறுபடி ஆரம்பித்தால் அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு தடவை சொல்லுங்கள், மூன்றாவது தடவைக்கு நிற்காமல் கதவைச் சாத்திவிடுங்கள். கத்த வேண்டாம், திட்ட வேண்டாம். டார்கெட்டை முடிக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு தெருத்தெருவாக அலைகிற பிள்ளைகள் இவர்களில் நிறைய. அவர்களை அவமானப்படுத்தாமலேயே உறுதியாக இருக்க முடியும்.

"நாங்க விக்க வரல, சர்வேதான் எடுக்கறோம்" என்று சொல்கிறவர்களிடமும் இதே பதில்தான். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள், மொபைல் நம்பர் என்ன என்று போகும் அந்தப் படிவம் அடுத்த வாரம் வரப்போகிற ஆளுக்கான முன்வேலை. "எதிர் வீட்டு அக்காகூட வாங்கிட்டாங்க" என்றால் அந்த அக்காவிடமே சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் டெமோ

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படித்தவர்கள்கூட இதைப் பார்த்துப் பயந்துபோய் வாங்கியிருக்கிறார்கள். ஆர்.ஓ. விற்க வந்தவர் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய மெஷின் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கைப் போடுவார். ஒரு நிமிடத்துக்குள் உங்கள் தண்ணீர் பழுப்பாகவும் கரும்பச்சையாகவும் மாறி நுரைத்துக்கொண்டு வரும், அவருடையது கிட்டத்தட்ட தெளிவாகவே நிற்கும். "இதைத்தான் மேடம் உங்க குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்பார்.

அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. அந்தக் கம்பிகளில் இரும்பும் அலுமினியமும் இருக்கின்றன. தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகி வெளியே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி பிளக்கைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் மீட்டரும் இப்படித்தான். அது பொய் சொல்லாது, ஆனால் அது காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் அளவை மட்டுமே, அதையும் மின்கடத்தும் தன்மையை வைத்துக் கணக்கிட்டுத்தான் காட்டுகிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மீட்டர் 280 காட்டியதும் அவர் முகத்தைச் சுளித்தால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது, அவ்வளவு தண்ணீர் அதில் வீணாகிறது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் பகுதிகளில் ஆர்.ஓ. தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது விற்க வந்தவர் அல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டி நம் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேஸ், சோலார், கொசுவலை

"கேஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கோம், செக்கிங்" என்று வருகிறவரைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டுவிடாதீர்கள். உண்மையாகவே ஏஜென்சி ஆய்வு என்ற ஒன்று இருப்பதால்தான் இது எடுபடுகிறது. ஐடி கார்டைப் பாருங்கள், கன்ஸ்யூமர் நம்பரை நீங்கள் சொல்லாமல் அவரையே சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். அவர் கொடுக்கும் நம்பருக்கு அல்ல. டியூப் பழசாகிவிட்டது, இன்றைக்கே மாற்றாவிட்டால் ஆபத்து என்பார். சுரக்ஷா டியூப்புக்கு ஐந்து வருடம் ஆயுள், தேதி டியூப்பிலேயே அச்சிட்டிருக்கும், புது வீட்டுக்குப் புது டியூப் போட்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏஜென்சியைக் கேட்காமல் ரெகுலேட்டரைத் தொடவோ புதிதாக ஏதாவது கருவியை மாட்டவோ விடவே விடாதீர்கள். நிஜமாகவே கசிவு வாசம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

சோலாரில் "கவர்மெண்ட் ஃப்ரீயா குடுக்குது, இந்த ஏரியாவுக்கு இந்த வாரம்தான் கடைசி" என்பது அடிக்கடி கேட்கிற வசனம். பிஎம் சூர்யா கர் திட்டம் 2024இல் வந்தது, மானியம் உண்மைதான்: ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. அதற்கு மேல் கிடையாது. விண்ணப்பம் தேசிய இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணில் போக வேண்டும், நீங்களே காசு போட்டு பேனல் பொருத்தும்போது மானியம் வேலை முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ஆகவே வந்தவரிடம் இரண்டே கேள்வி: உங்கள் நிறுவனம் அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா, போடப்போவது டிசிஆர் பேனலா? உள்நாட்டில் செய்த அந்தப் பேனல் இல்லையென்றால் மானியம் வராது. பதில் எதுவாக இருந்தாலும் தளத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள், வாசலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கொசுவலை, இன்விசிபிள் கிரில் ஆட்கள் சதுர அடி விலை சொல்வார்கள். சின்ன சன்னலுக்கும் குறைந்தபட்சம் இத்தனை அடி என்று கணக்குப் போடுவார்களா, ஃபிரேமும் பொருத்துக்கூலியும் இதில் சேர்த்தியா என்று கேட்டு மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். அளவெடுத்தாலே ஆர்டர் கொடுத்ததாக ஆகாது.

பொருள் நிஜமாகவே தேவை என்றால்

விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு மாடல் நம்பரையும் விலையையும் அவர் கையாலேயே அதன் பின்னால் எழுதச் சொல்லுங்கள். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்றால், அந்த ஆஃபர் நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். அதே மாடலை இரண்டு கடையில் விசாரியுங்கள், வருடாந்திரப் பராமரிப்புக்கு எவ்வளவு, ஃபில்டர் விலை என்ன என்பதையும் சேர்த்து. மெஷின் விலையில் குறைத்துவிட்டுப் பராமரிப்பில் பிடிக்கிறவர்கள் உண்டு.

பணம் தரும்போது பேர், முகவரி, ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ஆதார், பான் கார்டை போட்டோ எடுக்க விடாதீர்கள், போனை அவர் கையில் கொடுக்காதீர்கள். "டெலிவரி கன்ஃபர்ம் பண்ண ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றால் அந்த மெசேஜை முழுதாகப் படியுங்கள். அது கடன் ஒப்பந்தத்துக்கு நீங்கள் போடும் கையெழுத்தாக இருக்கலாம், மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கொடுக்கும் அனுமதியாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்

மனசு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் திருப்பித் தரும் உரிமை எல்லாப் பொருளுக்கும் தானாக வந்துவிடாது, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பொருளில் குறை இருந்தால் விஷயம் வேறு. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் எழுதாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. ஆட்களின் வலையமைப்பு வைத்து விற்கும் நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு 2021இல் தனி விதிகளே வந்திருக்கின்றன: அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டி அனுமதி வாங்காமலும் வீட்டுக்கு வரக்கூடாது, யார், எதை விற்க வந்தார் என்பதை நாம் கேட்காமலேயே முதலில் சொல்ல வேண்டும்.

ஆப் வழியாகக் கடன் போட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே கடன் விவரத் தாளைத் திறந்து கூலிங் ஆஃப் காலம் எவ்வளவு என்று பாருங்கள். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது இருக்கும், அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேறலாம், கடன் தந்தவர் முன்பே சொல்லியிருந்தால் பிராசசிங் கட்டணம் மட்டும் போகக்கூடும். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடனும் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாக முடிக்க வேண்டும்.

கம்பெனிக்கு மெயிலில் புகார் எழுதுங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் வங்கிக்கும் போன் செய்யுங்கள்.