ஒரே குழுவில் வெவ்வேறு லெவல்கள்: டன்ஜன் மாஸ்டருக்கு ஒரு வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, டன்ஜன் மாஸ்டர் ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச ஆட்டம். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் புதியவர் ஒருவர் சேரும்போது, மற்றவர்களின் பாத்திரங்கள் ஐந்தாம் லெவலில் (திறன்படியில்) இருக்க, அவரை எந்த லெவலில் தொடங்கவைப்பது என்ற கேள்வி எழும். எல்லோருக்கும் ஒரே லெவல் என்பது எளிய வழிதான். ஆனால் பகடையையே முதன்முறையாகத் தொடுபவரிடம் ஐந்தாம் லெவல் விசார்டின் (மந்திரவாதியின்) மந்திரப் பட்டியலைக் கொடுத்தால், அவர் ஆடுவதை விட்டுவிட்டுத் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அத்தகையவரை முதல் லெவலில் தொடங்கவைப்பதே நல்லது. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள் அதற்கு ஓரளவு இடம்கொடுக்கின்றன.

எதிரியை அடிப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. முதல் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணுடன் வழக்கமாக 5 கூட்டுவார், ஐந்தாம் லெவல் ஃபைட்டர் 7 கூட்டுவார். கவச எண் (அடி விழ எட்டவேண்டிய எண்) 11 உள்ள ஓகர் என்ற அரக்கனை முன்னவர் 75 விழுக்காடும் பின்னவர் 85 விழுக்காடும் அடித்துவிடுவர். (இதைப் போன்ற வேறோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் லெவல் எண்ணே பகடையுடன் கூடுவதால், இங்கே சொல்வது அங்கே செல்லாது.)

உண்மையான இடைவெளி, எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளில் இருக்கிறது. முதல் லெவல் விசார்டுக்கு 8 உயிர்ப்புள்ளிகள் என்று கொள்வோம். ஓகரின் தடியடி சராசரியாக 13 புள்ளிகளைப் பறிக்கும்; அவர் மயங்கி விழுவார், ஆனால் காப்பாற்றிவிடலாம். பகடையில் 20 விழுந்து அந்த அடியின் சேதப் பகடைகள் மட்டும் இரட்டிப்பாகும்போது சராசரி 22 ஆகிறது. உயிர்ப்புள்ளிகள் சுழியமான பின்னும் மிஞ்சும் 14, அவருடைய முழு உயிர்ப்புள்ளி எண்ணைத் தாண்டுவதால், விதிப்படி அவர் அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார். குழுவின் கிளெரிக் (பூசாரி) காலையிலேயே எய்ட் மந்திரத்தை அவர்மீது போட்டிருந்தால், எட்டு மணி நேரத்துக்கு 8 என்பது 13 ஆகியிருக்கும். மிச்சம் 9 மட்டுமே என்பதால் உயிர் தப்பியிருப்பார். ஆகவே ஒவ்வொரு எதிரியின் இரட்டிப்பு அடியையும் குழுவிலேயே குறைந்த உயிர்ப்புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை ஆட்டத்தில் இறக்குங்கள்.

மோதலின் கடினத்தைக் கணக்கிடும்போது குழுவின் சராசரி லெவலை எடுக்காமல், ஒவ்வொருவரின் லெவலுக்கும் விதிநூல் தரும் அனுபவப் புள்ளி வரம்பைத் தனித்தனியே எடுத்துக் கூட்டுங்கள். நடுத்தர மோதலுக்கு ஐந்தாம் லெவல்காரர் ஒருவருக்கு 500, முதல் லெவல்காரருக்கு 50 என்பதால், மூவரும் ஒருவருமாக உள்ள குழுவுக்கு 1,550 வரும். சராசரியாக நான்காம் லெவல் என்று போட்டால் 1,000 மட்டுமே வந்து, சண்டை உப்புச்சப்பில்லாமல் முடியும். இந்த 1,550-க்குள் இரண்டு ஓகர்களும் அடங்கும் (எதிரிகள் ஒருவருக்கு மேல் இருப்பதற்காகப் பெருக்கிய பின் 1,350), ஓர் ஓகரும் காப்ளின் என்ற குட்டி அரக்கர் நால்வரும் அடங்கும் (அதே முறையில் 1,300). இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். காப்ளினின் அடி சராசரியாக 5 என்பதால், புதிய விசார்ட் ஓர் அடியைத் தாங்கி நிற்பார். அதற்கு 7 உயிர்ப்புள்ளிகள்தான் என்பதால், வீழ்த்தவும் அவரால் முடியும். ஓகரை உயர் லெவல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அவருக்கு அடிக்க ஆளில்லாத சுற்றுகளில் உதவிச் செயலை நினைவூட்டுங்கள். தோழர் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ள அது வகைசெய்கிறது. உதவுபவரின் லெவல் அதில் ஒரு பொருட்டே அல்ல.

இடைவெளி எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது அனுபவப் புள்ளிகளை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சமமாகப் பங்கிட்டால் அது தானாகவே சுருங்கும்: ஐந்தாம் லெவலிலிருந்து ஆறுக்குப் போக 7,500 புள்ளிகள் வேண்டும்; அதே 7,500 புதியவரை முதல் லெவலிலிருந்து ஐந்துக்குக் கொண்டுவந்துவிடும், ஏனெனில் ஐந்தாம் லெவலுக்கு 6,500 போதும். பழைய ஆட்டக்காரர்களுக்கு இது புதிதல்ல. இதே ஆட்டத்தின் 1981-ஆம் ஆண்டு பேசிக் விதிநூலில் இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200 புள்ளிகளும் ஃபைட்டருக்கு 2,000 புள்ளிகளும் தேவைப்பட்டதால், ஒன்றாகத் தொடங்கிய குழுவிலும் லெவல்கள் கலந்தே இருந்தன. பத்தாம் லெவல் குழுவில் முதல் லெவல்காரரைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். மற்றவர்கள் பதினொன்றை எட்டும்போதும் அவர் ஆறில்தான் இருப்பார்.

புள்ளிகளே இல்லாமல் கதையின் திருப்பங்களில் எல்லோரையும் ஒருசேர உயர்த்தும் மைல்ஸ்டோன் முறையில் இப்படித் தானாகச் சமன்படுவது கிடையாது. இடைவெளி அப்படியே நிற்கும். அம்முறையில் ஆடுபவர்கள், புதியவர் குழுவை எட்டும்வரை ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் அவருக்கு ஒரு லெவல் என்று முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும்.