டெல்லி–டோக்கியோ: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

டெல்லியிலிருந்து டோக்கியோ போக ஏறக்குறைய ஏழரை மணி நேரம். திரும்பி வர ஒன்பதரை மணி நேரம்கூட ஆகலாம். தூரம் ஒன்றுதானே, நேரம் மட்டும் ஏன் மாறுகிறது? ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

படி 1: விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

டோக்கியோவுக்கு இரண்டு உண்டு: ஹனேடா, நரிடா. ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது. நரிடா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. இங்கே ஹனேடாவை எடுத்துக்கொள்வோம்.

படி 2: தூரத்தை அளங்கள்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, டெல்லி விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் தூரம் அளக்கும் வசதி வரும். அடுத்து ஹனேடாவைச் சொடுக்குங்கள். சுமார் 5,860 கிலோமீட்டர் காட்டும். அந்தக் கோடு வடக்குப் பக்கமாக வளைந்து போகும். உருண்டையான பூமியில் அதுதான் மிகக் குறுகிய பாதை.

ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. கோடு இமயமலையையும் திபெத்தையும் கடக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியோ சராசரியாக 14,000 அடிக்கும் மேல். இறங்க இடமே இல்லை! அதனால் பெரும்பாலும் தெற்கே சுற்றி, மியான்மர் பக்கமாகப் போகிறார்கள். தூரம் சில நூறு கிலோமீட்டர் கூடும்.

படி 3: வேகத்தால் வகுங்கள்

பயணிகள் ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 5,860ஐ வகுத்தால் ஆறரை மணி நேரம். ஏறி இறங்குவதற்கும் ஓடுபாதைவரை ஊர்ந்து போவதற்கும் அரை மணி, சுற்றுப்பாதைக்கு இன்னொரு அரை மணி. ஆக ஏழரை.

படி 4: காற்றைச் சேருங்கள்

இதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து நிற்கும். அதனால் போகும் நேரத்தில் கொஞ்சம் குறையலாம். திரும்பும் நேரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். இரவு 8க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 7க்குச் சேர்ந்தால் இடைவெளி 11 மணி. மூன்றரையைக் கழித்தால் ஏழரை. திரும்பும்போது காலை 11க்குக் கிளம்பி மாலை 5க்கு இறங்கினால் இடைவெளி 6 மணிதான். மூன்றரையைக் கூட்டினால் ஒன்பதரை.

வேறு ஊர்களுக்கும் இதே முறைதான். நேர வித்தியாசத்தை மட்டும் ஊகிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: பக்கத்திலேயே இருக்கும் நேபாளம்கூட நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது.