பிரீமியர் புரொஜெக்ட் திறக்கவில்லையா? முதலில் கோப்பின் தொடக்கத்தைப் பாருங்கள்

கலியாண வீடியோ எடிட்டிங் நடுவில் கரண்ட் நின்று, திரும்ப வந்த பிறகு புரொஜெக்ட் திறக்க மறுக்கிறதா? பதற வேண்டாம். நீங்கள் எடுத்த காட்சிகள் அந்தக் கோப்புக்குள் இல்லை. எங்கே வெட்டினோம், எந்தப் பாட்டை எங்கே வைத்தோம் என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கின்றன. தாலி கட்டும் காட்சி ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும்.

உப்புவெளிக் கலியாணம் ஒன்றை எடிட் செய்யும்போது எனக்கு இது வந்தது. விண்டோஸும் அடோபி பிரீமியர் புரோவும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு, அதை மீட்ட வழியை எழுதுகிறேன்.

1. கொப்பி எடுங்கள்

பழுதான கோப்பை வேறு ஃபோல்டரில் கொப்பி பண்ணுங்கள். இனிச் செய்வதெல்லாம் கொப்பியில்தான்.

2. உள்ளே என்ன இருக்கிறது?

என்னை அதிக நேரம் மறித்தது இந்த இடம். கோப்பின் அளவு முன்பிருந்தது போலவே காட்டும், ஆனால் திறக்காது. அளவு சரியாக இருந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

கோப்பின் உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி (HxD) என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, முதல் வரியைப் பாருங்கள். பிரீமியர் தன் புரொஜெக்டை ஜிசிப் முறையில் சுருக்கிச் சேமிப்பதால், நல்ல கோப்பு 1எஃப் 8பி என்று தொடங்கும். கரண்ட் நின்றபோது கெட்ட கோப்பிலோ பல தடவை 00 00 00 00 என்று கடைசி வரை பூச்சியம்தான் இருக்கும். காரணம் இதுதான்: டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை கோப்பின் பெயர், அளவு போன்ற விபரங்களைப் பதிவேடு வைத்துக் காப்பாற்றும், உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. அளவு எழுதப்பட்டு, உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போகுமுன் கரண்ட் நின்றால் வெற்றுக் கூடுதான் மிஞ்சும்.

முழுவதும் பூச்சியமென்றால் காசு கொடுத்து 'ரிப்பேர்' மென்பொருள் எதையும் வாங்காதீர்கள். சரிசெய்ய உள்ளே ஒன்றுமில்லை. நேராக 4ஆம் படிக்குப் போங்கள்.

3. 1எஃப் 8பி இருந்தால்

சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் 7-சிப் என்ற இலவச மென்பொருளில் 'டெஸ்ட் ஆர்கைவ்' கொடுத்துப் பாருங்கள். பிழை வராவிட்டால் நல்ல நம்பிக்கை உண்டு. பிரீமியரில் புதிய புரொஜெக்ட் தொடங்கி, ஃபைல் > இம்போர்ட் வழியாகப் பழையதைக் கொண்டுவாருங்கள். முழுப் புரொஜெக்டா, தேர்ந்த சீக்வென்ஸ்களா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்து, இறுதி சீக்வென்ஸை மட்டும் எடுங்கள். பழுது வேறொரு சீக்வென்ஸில் இருந்தால் அது பின்னால் வராது. திறந்து சிறிது நேரத்தில் நின்றுபோனால், பிரிஃபரன்ஸஸில் மீடியா கேஷை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

4. ஆட்டோ-சேவ்

புரொஜெக்ட் இருக்கும் இடத்திலேயே 'அடோபி பிரீமியர் புரோ ஆட்டோ-சேவ்' என்ற ஃபோல்டர் இருக்கும். திகதிப்படி அடுக்கி, கடைசியாக நல்ல நிலையில் இருந்ததைக் கொப்பி பண்ணி, பெயர் மாற்றித் திறவுங்கள். எனது வேலை இதில்தான் மீண்டது.

இனி வராமலிருக்க

ஆட்டோ சேவ் இடைவெளியை 5 நிமிடமாக வையுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது 'சேவ் அஸ்' கொடுத்துப் புதிய இலக்கம் போடுங்கள். டெஸ்க்டொப்பில் வேலை செய்பவர் யூபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2022 மின்வெட்டில் நாள்தோறும் பல மணிநேரம் இருளில் இருந்த இலங்கையர் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ராம் வாங்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள்.

அன்றைய வேலை முடிந்ததும் புரொஜெக்ட் கோப்பைக் கூகுள் டிரைவிலும் போடுங்கள். காட்சிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. டேட்டா பெரிதாகப் போகாது. அதே பெயரில் ஏற்றினால் பழைய பதிப்புகளையும் 30 நாள் வரை அது வைத்திருக்கும்.

பின்னர் சேர்த்தது: மூதூர்த் தம்பி ஒருவர் பென் டிரைவில் வைத்தே எடிட் செய்து கோப்பை இழந்திருக்கிறார். பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 முறையில் வரும். நான் மேலே சொன்ன பதிவேடுகூட அவற்றில் கிடையாது. பென் டிரைவ் கொண்டுபோக மட்டும்தான். வேலை கணினியின் உள் டிஸ்க்கில் நடக்கட்டும். கழற்றுமுன் 'இஜெக்ட்' கொடுத்து, அனுமதி வந்த பிறகு இழுங்கள்.