மருது, தான்றி, ரங்கூன் மல்லி: காம்பிரிட்டேசி குடும்பத்தை அடையாளம் காணும் முறை

திரிபலா சூரணத்தில் சேரும் மூன்று காய்களில் கடுக்காயும் தான்றிக்காயும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நெல்லிக்காய் மட்டும் வேறு குடும்பம். ஆற்றங்கரையில் நிற்கும் மருதும், பள்ளி வளாகங்களில் குடை விரித்தாற்போல நிற்கும் நாட்டு வாதுமையும், வாயில் வளைவுகளில் ஏறிப் படரும் ரங்கூன் மல்லியும், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வளரும் திப்பரத்தையும் அதே குடும்பத்தின் உறுப்பினர்களே. காம்பிரிட்டேசி எனப்படும் இக்குடும்பத்தில், வெப்பமண்டல நாடுகள் எங்கும் பரவியுள்ள சுமார் 500 சிற்றினங்கள் அடங்கும். அவற்றுள் பெரும்பாலானவை மரங்கள்; கணிசமானவை வன்கொடிகள், அதாவது கட்டைத்தன்மை கொண்ட தண்டுடன் மரங்களின் மேல் ஏறிப் படர்பவை.

தாவரவியல் படிக்காதவர்களும் இக்குடும்பத்தை அடையாளம் காண முடியும் என்பது என் அனுபவம். ஆனால் பூவைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். இக்குடும்ப மரங்களின் பூக்கள் பெரும்பாலும் சிறியவை, வெளிறியவை, ஒன்றுபோல் தோன்றுபவை. அடையாளம் இலையின் அடிப்பகுதியிலும் காயிலும்தான் இருக்கிறது.

தேவையானவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு ஒன்று, சவரப் பிளேடு, அளவுகோல், பென்சில், குறிப்பேடு, இலைகளை அழுத்தி வைக்கப் பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். பயிற்சியைச் சாலையோர மரங்களிலும் பூங்காக்களிலும் தொடங்குங்கள். காப்புக் காடுகளில் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. மரப்பட்டையை உரித்துப் பார்க்க வேண்டிய தேவை இப்பயிற்சியில் எங்குமே இல்லை. தரையில் விழுந்து கிடக்கும் இலைகளும் காய்களுமே பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தந்துவிடும்.

முதல் படி: ஊர்ப்பெயரை ஒதுக்கி வையுங்கள்

ஊர்ப்பெயர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அடையாளம் காணும் வேலையில் அவற்றைக் கடைசியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'பூமருது' என்ற பெயர் ஓரிடத்தில் டெர்மினாலியா பானிகுலேட்டா என்ற மரத்தைக் குறிக்கிறது. வேறோரிடத்தில், கதலி என்றும் வழங்கும், ஊதா நிறத்தில் பெரிய பூக்களைப் பூக்கும் லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசாவைக் குறிக்கிறது. பின்னது மருதாணியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சங்க இலக்கியத்து மருதம் இவற்றுள் எது என்ற விவாதமும் இந்தக் குழப்பத்திலிருந்துதான் கிளைக்கிறது. திருவிடைமருதூரின் தலமரம் மருது. அத்தலத்திற்கு மத்தியார்ச்சுனம் என்றொரு வடமொழிப் பெயரும் உண்டு. எனவே கோயில் மரபு மருதை அர்ச்சுன மரமாகவே, அதாவது டெர்மினாலியா அர்ஜுனாவாகவே கொண்டது என்பது தெளிவு. அதைக் கொண்டு எல்லா ஊர்களின் மருதும் இதுவே என்று முடிவு செய்துவிட முடியாது.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். எங்கள் வீட்டு வாயிலில் படர்ந்திருந்த ரங்கூன் மல்லியைப் பெயரையும் மணத்தையும் நம்பி மல்லிகையின் உறவு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். ஒருநாள் பூவைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்த பிறகே உண்மை விளங்கியது. மல்லிகைப் பூவில் மகரந்தத்தாள்கள் இரண்டு, இதில் பத்து.

இரண்டாம் படி: இலையைப் படியுங்கள்

ஒரு கிளையைக் கையருகே வளைத்து, பின்வருவனவற்றை வரிசையாகப் பாருங்கள். இலை தனியிலையாக இருக்க வேண்டும். புளி, வேம்பு போல் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கக் கூடாது. இலைவிளிம்பு பெரும்பாலும் பல்வெட்டு இல்லாமல் ஒழுங்காக இருக்கும். மருதில் சில வேளைகளில் மழுங்கிய பற்கள் தென்படலாம். இலைக்காம்பு கிளையோடு சேருமிடத்தில் இலையடிச் செதில்கள் இருக்கக் கூடாது. அவை விழுந்துவிட்டால் தழும்பு இருக்கும். ஆகவே நுனியில் புதிதாக விரியும் தளிரில்தான் இதைச் சோதிக்க வேண்டும்.

அடுத்ததாக, இலைக்காம்பு இலைப்பரப்பைத் தொடும் இடத்தைக் கைலென்சால் பாருங்கள். மருதில் அவ்விடத்தில் கடுகை விடச் சிறிய இரண்டு புடைப்புகள் இருக்கும். இளம் இலையில் அவை ஈரமாக மின்னும். பொறுமையாகக் காத்திருந்தால் ஓர் எறும்பு வந்து ஒன்றில் வாய் வைத்துவிட்டு மற்றதற்கு நகர்வதைக் காணலாம். பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் சுரப்பிகள் இவை. கடுக்காய் மரத்தில் இவை காம்பின் மேல்முனையருகே இருக்கும். நாட்டு வாதுமையில் இலைப்பரப்பின் அடிப்புறத்தில், நடுநரம்பை ஒட்டி இருபுறமும் இருக்கும். இக்குடும்பத்தின் மற்றொரு மரமான கருமருதில் இலையின் கீழ்ப்புறத்தில் நடுநரம்பின் அடிப்பகுதியில், சிறு காம்புடன் பம்பரம் போல் துருத்தி நிற்கும். சுரப்பி முதிர்ந்த இலையில் காய்ந்து மங்கிவிடும் என்பதால், ஐந்தாறு இலைகளையாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

சுரப்பிகளைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. ஆமணக்கு முதலான வேறு குடும்பத்துச் செடிகளிலும் இவை உண்டு. இக்குடும்பத்திற்கே உரிய உறுதியான அடையாளம் ஒன்று இலையின் உரோமத்தில் இருக்கிறது: ஒரே உயிரணுவால் ஆன, தடித்த சுவரும் கூர்நுனியும் கொண்ட உரோமம், அதன் அடியில் தனி அறை போன்ற ஒரு தடுப்பு. இது நுண்ணோக்கியில்தான் தெரியும். பள்ளியிலோ கல்லூரியிலோ நுண்ணோக்கி கிடைப்பவர்கள் தளிரிலையை அதன் கீழ் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் கவலையின்றி அடுத்த படிக்குச் செல்லலாம்.

மூன்றாம் படி: கிளை அமைவு

சற்றுத் தள்ளி நின்று முழு மரத்தையும் பாருங்கள். இளம் நாட்டு வாதுமையில் கிளைகள் அடுக்கடுக்காகத் தண்டிலிருந்து கிடைமட்டமாக நீளும். இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் குவிந்திருக்கும். டெர்மினாலியா என்ற பேரினப் பெயரே 'நுனி' என்ற பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து, இலைகள் நுனியில் கூடுவதைக் கருதி வைக்கப்பட்டது. தான்றியிலும் இந்நுனிக்கொத்து தெளிவாகத் தெரியும். அதன் நீண்ட இலைக்காம்பு கூடுதல் அடையாளம். மருதிலும் கருமருதிலும் இலைகள் ஏறக்குறைய எதிரெதிராக அமைந்திருப்பதால், பெயரின் பொருளை நம்பி நுனிக்கொத்தைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும்.

கொடிகளில் ரங்கூன் மல்லியின் இலைகள் எதிரெதிராக அமையும். இலை உதிரும்போது காம்பின் அடிப்பாதி தண்டிலேயே தங்கி, இறுகி, வளைந்த முள்ளாக மாறிவிடும். கொடி அந்த முள்ளைக் கொக்கியாகப் பயன்படுத்தித்தான் மேலே ஏறுகிறது. கத்தரித்துவிடும்போது கையைக் கீறுவது பெரும்பாலும் இந்தப் பழைய இலைக்காம்புதான்.

நான்காம் படி: பூவைப் பிளந்து பாருங்கள்

நாட்டு வாதுமையின் பூங்கதிர் ஒன்றைத் தாளின் மேல் வையுங்கள். பூக்களில் அல்லி இதழ்களே இல்லை. ஐந்து புல்லி மடல்களும், பெரும்பாலும் பத்து மகரந்தத்தாள்களும் இருக்கும். இங்கே புதியவர்கள் அனைவரும் தடுமாறுவார்கள். கதிரின் நுனிப்பக்கம் உள்ள பூவைப் பிளந்தால் சூற்பை இருக்காது, ஏனெனில் அவை ஆண் பூக்கள். கதிரின் அடிப்பகுதியில் உள்ள சில பூக்களில் மட்டும், புல்லி மடல்களுக்குக் கீழே காம்பு போலப் பருத்த ஒரு பகுதி காணப்படும். அதுதான் சூற்பை. பூவின் மற்ற உறுப்புகளுக்குக் கீழே சூற்பை அமைவதைக் கீழ்மட்டச் சூற்பை என்பார்கள். இக்குடும்பத்தின் பொதுப் பண்பு அது. அதன் உள்ளே ஓர் அறையே உண்டு. அறையின் மேற்கூரையிலிருந்து இரண்டு முதல் ஆறு சூல்கள் வரை தொங்கும். அவற்றில் ஒன்றுதான் இறுதியில் விதையாகும்.

ரங்கூன் மல்லியில் இதே அமைப்பு நீட்டி இழுத்தாற்போல் இருக்கும். பூவின் நீண்ட பச்சைக் காம்பு என நாம் நினைப்பது காம்பன்று; அது பூக்குழாய். அதன் அடியில், தண்டை ஒட்டி, சில மில்லிமீட்டர் அளவில் சூற்பை உட்கார்ந்திருக்கும். குழாயைப் பிளந்தால் சூல்தண்டு அதன் உட்சுவரோடு ஓரளவு ஒட்டிச் செல்வதும் தெரியும். மாலையில் வெண்மையாக மலரும் இப்பூ அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகவும் பின் அடர்சிவப்பாகவும் மாறுவதால், ஒரே கொத்தில் மூன்று நிறங்கள் தோன்றும். இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் வெள்ளைப் பூக்களை நாடி வருகின்றன.

மேலே சொன்ன கதலிப் பூவைப் பிளந்தால், சூற்பை மற்ற உறுப்புகளுக்கு மேலே, பூவின் நடுவே இருப்பதைக் காண்பீர்கள். இரண்டு 'பூமருது'களையும் பிரிக்க இந்த ஒரு வெட்டே போதும்.

ஐந்தாம் படி: காய்

இங்குதான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். இக்குடும்பத்துக் காய்கள் தாமாக வெடிப்பதில்லை; ஒவ்வொன்றிலும் ஒரு விதையே இருக்கும்; பலவற்றில் நீளவாக்கில் இறக்கைகள் ஓடும்.

மருதின் காயில் ஐந்து தடித்த, கடினமான இறக்கைகள் உள்ளன. கருமருதிலும் ஐந்துதான். இரண்டும் அருகருகே கிடந்தால் இறக்கையின் மேலுள்ள மெல்லிய வரிகளை ஒளியில் சாய்த்துப் பாருங்கள்: மருதில் அவை மேல்நோக்கி வளைந்து செல்லும், கருமருதில் நடுவிலிருந்து விளிம்பு வரை நேராக, கிடையாக ஓடும். பட்டையும் இம்முடிவை உறுதிசெய்யும். மருதின் பட்டை வெளிறிய சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, தட்டையான பெரிய ஏடுகளாக உரியும். நூல்களில் டெர்மினாலியா எலிப்டிக்கா, டெர்மினாலியா டொமென்டோசா ஆகிய இரு பெயர்களாலும் குறிக்கப்படும் கருமருதின் பட்டை கருத்து, முதலைத்தோல் போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். டெர்மினாலியா பானிகுலேட்டாவின் சிறிய காயில் ஓர் இறக்கை பெரியதாகவும் மற்ற இரண்டு சிறியனவாகவும் இருக்கும்.

கடுக்காயிலும் தான்றியிலும் இறக்கை கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டால் வீட்டிலேயே பழகலாம். உலர்ந்த கடுக்காய் வழவழப்பாக, ஐந்து மேடுகளுடன் நீண்டிருக்கும். தான்றிக்காய் உருண்டு, சாம்பல் பூத்த மெல்லிய உரோமத்தால் மூடப்பட்டிருக்கும். இக்குடும்பத்தின் இன்னொரு மரமான வெக்காலியின் காய்கள் சிறு உருண்டைகளாக நெருங்கி, ஒவ்வொன்றும் இரு இறக்கைகளும் ஓர் அலகும் கொண்டிருக்கும்.

இனி நாட்டு வாதுமைக் கொட்டையை உடையுங்கள். சிறுவயதில் கல்லால் தட்டிப் பருப்பைத் தின்றவர்கள் ஏராளம்; ஆனால் தின்னும் அவசரத்தில் அதன் உள்ளமைப்பைக் கவனித்திருக்க மாட்டோம். ஈரப்பதமுள்ள பருப்பைக் குறுக்காக வெட்டி லென்சால் பார்த்தால், வித்திலைகள் சுருட்டி வைத்த கோரைப்பாய் போல ஒன்றையொன்று சுற்றியிருப்பது தெரியும். நகத்தால் மெதுவாகப் பிரித்தால் பாயை விரிப்பதுபோலவே விரியும். கடையில் விற்கும் உண்மையான பாதாம் பருப்பு இரண்டு தட்டையான பாதிகளாகப் பிளக்கும். இரண்டுக்கும் பெயரில் மட்டுமே உறவு. பாதாம் ரோஜாவின் குடும்பம்.

இறக்கையுள்ள காய் எல்லாம் காம்பிரிட்டேசி அன்று. மாதவிக்கொடியின் காயிலும் மூன்று இறக்கைகள் உண்டு; ஆனால் அங்கே இறக்கைகள் விதையின் ஒரு பக்கத்திலிருந்து விசிறிபோல் நீளும், நடு இறக்கை மற்ற இரண்டையும் விட நீண்டிருக்கும். காம்பிரிட்டேசியில் அவை காயின் நீளம் முழுவதும் விளிம்புகளாக ஓடும். இதற்கும் ஒரு விதிவிலக்கு நம் மலையடிவாரங்களிலேயே உண்டு: மின்னார்க்கொடி எனப்படும் கெட்டோனியா புளோரிபண்டா என்ற வன்கொடியில் காய்க்கு இறக்கை முளைப்பதில்லை, ஐந்து புல்லி மடல்களே பூத்த பின் பெரிதாகிக் காகிதம் போல் உலர்ந்து, காயைச் சுழற்றி எடுத்துச் செல்கின்றன.

ஆறாம் படி: வகைப்படுத்துதல்

குறிப்பேட்டில் சேர்ந்தவற்றை இப்போது அடுக்கலாம். சூற்பையைச் சூழ்ந்த பூக்குழாயின் அடிப்பகுதியில் இரு சிறு பூவடிச் செதில்கள் ஒட்டியிருந்தால், அது அலையாத்தி இனங்கள் அடங்கிய கிளையைச் சேர்ந்தது. சதைப்பற்றுள்ள இலையின் நுனியில் சிறு வெட்டும் வெள்ளைப் பூவும் இருந்தால், நம் கரையில் அது திப்பரத்தையாகிய லும்னிட்செரா ரேசிமோசா. செதில்கள் ஒட்டியிராமல், மரமாகவும் அல்லியிதழ் அற்றதாகவும் இருந்தால் டெர்மினாலியா. கொடியாக, எதிரிலை அமைவுடன், அல்லியிதழ்களும் கொண்டிருந்தால் காம்பிரீட்டம். கொடியாக, அல்லியிதழின்றி, புல்லி மடல்கள் பெரிதானால் கெட்டோனியா. நம் பகுதிக்கு இந்த நான்கு பேரினங்களே பெரும்பாலும் போதும்.

பழைய நூல்களோடு ஒப்பிடுகையில் சில பெயர்கள் முரண்படும். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810ஆம் ஆண்டு இக்குடும்பத்தை வரையறுத்ததிலிருந்து காய், பூ ஆகியவற்றின் வடிவமே பேரினங்களைப் பிரித்தது. மரபணு ஒப்பீடு வந்தபின் அவற்றுள் சில ஒன்றாயின. லின்னேயஸ் 1762இல் குவிஸ்குவாலிஸ் இண்டிகா என்று பெயரிட்ட ரங்கூன் மல்லி இன்று காம்பிரீட்டம் இண்டிகம். அனோகீசஸ் என்ற தனிப் பேரினத்தில் இருந்த வெக்காலி 2017இல் டெர்மினாலியாவுக்குள் வந்து, டெர்மினாலியா அனோகீசியானா ஆயிற்று. உருண்டைக் கொத்துக் காய் கொண்ட அம்மரத்தை மருதோடு ஒரே பேரினத்தில் வைப்பது எனக்கு இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. ஆனாலும் புதிய பெயரையே எழுதி, அதனருகே பழைய பெயரையும் குறித்து வைக்கிறேன்.

குறிப்பேட்டில் நாள், இடம், மரத்தின் உயரம், சுரப்பியின் இடம், காயின் படம் ஆகியவற்றை எழுதிய பிறகே பெயரை எழுதுங்கள். காய் கிடைக்காத மரத்திற்கு, 'டெர்மினாலியா, சிற்றினம் தெரியவில்லை. காய் உதிரும் பருவத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்' என்று எழுதிவிட்டு, எந்த மரம் என்று மறந்துபோகாதபடி அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.